அறுபத்திரண்டு வள்ளங்களுக்கு ஒரு சேனல்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்துநான்கு, சீடருக்கு ஐம்பத்தாறு. சிப்பித்துறையில் அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

குருவின் பெயர் ரெஜினாள். மீனவர் சங்கக் கட்டடத்தின் மாடியில் உள்ள வயர்லெஸ் அறை அவள் பொறுப்பில் இருந்தது. வள்ளக்காரர்களுக்கு மைக்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அதனால் நரைத்த தலைகள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

சீடரின் பெயர் சந்தியாகு. முப்பத்தைந்து வருடம் கடலில் கிடந்தவர். கோபக்காரர், ஆனால் அந்தக் கோபத்துக்குப் பயந்தவர் என்று ஊரில் ஒருவரும் இல்லை. தம்பி கஸ்பாருக்குக் கால் போன நாளிலிருந்து அவர் கடலுக்குப் போகவில்லை. மைக்கையும் தொடவில்லை.

அவர் மாடிப்படி ஏறி வந்தது படிப்பதற்காக அல்ல. அவருக்கு ஒரு பெயர் தெரிய வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். போன ஆடியில், காற்று முறுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கஸ்பாரின் வள்ளம் நடுக்கடலில் அலையில் அடிபட்டது. கழன்று சரிந்த எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் அவன் கால் மாட்டிக்கொண்டது. செட் வேலை செய்தது, அவனும் கூப்பிட்டான். ஆனால் சேனலில் நுழைய இடம் கிடைக்கவில்லை. மறுநாள் மதியம்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் கால் கெட்டுப்போய், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"செட்டுல ஒரே இரைச்சல். யாரு காதுலயும் விழல" என்று மட்டும் கஸ்பார் சொன்னான். அதற்குமேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

சிப்பித்துறைக்கென்று ஒதுக்கியது ஒரே ஒரு சேனல். வள்ளங்கள் அறுபத்திரண்டு. ஆபத்துக்கென்று தனிச் சேனல் இருக்கத்தான் செய்தது. ஆனால் உயிர்ப் பயம் வந்தவன் முதலில் தேடுவது ஊர்க்காரன் குரலைத்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இரண்டு பேர் சேர்ந்து பட்டனை அமுக்கினால் மற்றவர்களுக்குக் கீச்சென்ற சத்தம் மட்டும் கேட்கும். அமுக்கிக்கொண்டிருக்கிறவனுக்கு அதுவும் கேட்காது. பட்டனை விடுகிறவரை அவன் செட் செவிடு.

சந்தியாகு உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கேட்டார்.

"அன்னைக்குக் காலையில சேனல அடைச்சிட்டுக் கிடந்தவன் யாரு டீச்சர்? தம்பியத் தேடிப் போனப்ப நானும்தான் கேட்டேன், ஒரே கீச்சு. பேரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவன் செட்டப் பிடுங்கணும். ஒரு வருஷம் அவன் வாயத் திறக்கக் கூடாது."

"யாருன்னு நினைக்கீங்க?"

"லாரன்ஸ். வேற யாரு? காலையில தின்ன இட்லிக் கணக்கக்கூட மைக்குல சொல்லுதவன்."

ரெஜினாள் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. மைக்கை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தாள். ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்கண்ணே. பட்டனத் தொடாம கேட்டுக்கிட்டே இருங்க. யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்."

"எத்தன நாளு?"

"கூட்டத்துக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்குல்லா?"

சந்தியாகு உட்கார்ந்தார்.

முதல் நாள் அவர் காதில் விழுந்தது முழுக்கச் சந்தைக் கூச்சல். ஒருவன் காற்று எப்படி என்று கேட்டான். பதில் வருவதற்குள் இன்னொருவன் தன் மச்சானிடம் வலை கடன் கேட்டான். அதன் மேலேயே மூன்றாமவன் ஏறினான். நடுநடுவே கீச்சு. லாரன்ஸ் அன்று ஏழு இட்லி தின்றிருந்தான், சட்னி புளித்துவிட்டதாம்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றார் சந்தியாகு.

"கேட்டேன்" என்றாள் ரெஜினாள்.

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காலை வந்ததுமே கேட்டுவிட்டார்.

"இருக்கது ஒரு சேனலு. அறுபத்திரண்டு வாயி. இத எப்பிடித்தான் பங்கு வைக்கது?"

"நீங்களா இருந்தா எப்பிடி வைப்பீங்க?"

"ஆளுக்கு ஒரு நிமிஷம். முறை வரும்போது பேசணும், முறை இல்லாட்டி பொத்திக்கிட்டு இருக்கணும். சட்டம்னா சட்டம்."

"வச்சுப் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

அவர் அன்று முழுக்க உட்கார்ந்து அட்டவணை போட்டார். மணிக்கு அறுபது நிமிடம்தான். வள்ளம் இரண்டு கூடுதலாக இருந்தது. கரையிலேயே கிடந்த இரண்டு வள்ளங்களை அடித்தார். ஒன்று அவருடையது, மற்றது கஸ்பாருடையது. 

நாலாம் நாள் சேனலில் கீச்சு இல்லை. கோயிலில் பூசை நடக்கும்போதுகூட சிப்பித்துறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. சந்தியாகுவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பதினோரு மணிக்குள் அவருக்கே ஒன்று உறைத்தது. நாற்பது பேரின் நிமிடங்கள் பேச ஆளில்லாமல் சும்மா கழிந்தன. பேச விஷயம் உள்ளவர்களோ பாதி வார்த்தையில் அறுபட்டு நின்றார்கள். லாரன்ஸ் தன் நிமிடம் வந்ததும், "சொல்ல ஒண்ணும் இல்ல, அதுக்காக என் நிமிஷத்த விட்டுக்கொடுக்க முடியுமா" என்று ஒரு பாட்டைப் பாடி முடித்தான்.

"போகப் போகச் சரியாயிரும்" என்றார் சந்தியாகு. ரெஜினாள் தலையாட்டினாள்.

ஐந்தாம் நாள் மரியதாஸின் முறை நாற்பத்தோராவது நிமிடத்தில் வந்தது. அவன் குரலே சரியாக இல்லை.

"டீச்சர், திருக்கை முள்ளு குத்திட்டு. கை தோள் வரைக்கும் கடுக்கு. வலியில கண்ணு இருட்டிட்டு வருது."

"எப்ப குத்திச்சு?"

"இந்த மணி ஆரம்பிச்சப்ப. ஒரு மூணாவது நிமிஷம் இருக்கும்."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாம்லா?"

"என் முறை வரலையே, டீச்சர்."

ரெஜினாள் பக்கத்து வள்ளத்தை அவனிடம் அனுப்பினாள். அடுப்பு மூட்டி, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, அதில் கையை முக்கிக்கொண்டே கரைக்குக் கொண்டுவரச் சொன்னாள். மரியதாஸ் பிழைத்தான். கை மட்டும் வீங்கிப்போய், பிடித்த கயிறுகூடக் கைக்குத் தெரியாமல் இரண்டு வாரம் கிடந்தான்.

சந்தியாகு அட்டவணையை நாலாக மடித்துக் கிழித்தார். கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது, அதைவிட வேதனையாக இருந்தது.

"முப்பத்தெட்டு நிமிஷம், டீச்சர். நான் போட்ட கோட்டத் தாண்டக் கூடாதுன்னு வலியோட கிடந்திருக்கான்."

"ஆமா."

"சும்மா விட்டா மேல விழுந்து பேசுதாங்க. முறை வச்சா முறைக்காகச் சாகக் கிடக்காங்க. வேற என்னதான் வழி?"

ரெஜினாள் மைக்கை எடுத்தாள். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகும் உடனே அமுக்கவில்லை. உதடு அசையாமல் எதையோ எண்ணிவிட்டு அமுக்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இனிமே நிமிஷக் கணக்குக் கிடையாது. பேசணும்னா முதல்ல கேளுங்க. யாராவது பேசுனா முடிக்கட்டும். சேனல் ஓஞ்சதும் பாய்ஞ்சு அமுக்காதீங்க. உங்க வள்ளத்துல எத்தன ஆளோ அத்தன எண்ணுங்க. எண்ணி முடிக்க வரைக்கும் யாரும் பேசலைன்னா பேசுங்க. நடுவுல யாராவது பேசிட்டா, அவங்க முடிச்ச பொறவு திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணுங்க."

பட்டனை விட்டாள். சந்தியாகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் கணக்கு எதுக்கு?"

"ஒத்தையா போறவன் மைக்கப் பிடிச்சா, சுக்கானப் பிடிக்க ஆளு கிடையாது."

"அப்ப எட்டு ஆளு போற வள்ளம்?"

"எட்டுப் பேரு இருக்க இடத்துல எட்டு எண்ண முடியாதா, அண்ணே?"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் வேண்டுமென்றே நூறு வரை எண்ணிக் காட்டினான். மூன்று ஆள் வள்ளக்காரர்களான தொம்மையும் சிலுவையும் ஒரே நேரத்தில் எண்ணி முடித்து ஒரே நேரத்தில் அமுக்கினார்கள். கீச்சு. திரும்ப எண்ணி, திரும்ப அமுக்கினார்கள். திரும்பவும் கீச்சு.

"முட்டிக்கிட்டா மூத்தவரு ஒண்ணு கூட்டி எண்ணுங்க" என்றாள் ரெஜினாள்.

இதிலும் வம்பு வந்தது. இருவரும் தானே இளையவன் என்று சாதித்தார்கள். கடைசியில் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. தொம்மை பதினொரு நாள் மூத்தவர் என்று தெரிந்தது. அவர் அதற்காக இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, அதனாலும் சேனலில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

ஏழாம் நாளுக்குள் பழக்கம் படிந்துவிட்டது. அதே ஒரு சேனல், அதே வாய்கள், ஆனால் இப்போது எல்லோருக்கும் இடம் இருந்தது. எட்டுப் பேர் போகும் வள்ளத்தில் எல்லோரும் சேர்ந்து உரக்க எண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரெஜினாள் சிரித்தாள்.

தொடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில் சந்தியாகுவின் காது தீட்டப்பட்டிருந்தது. மூச்சை வைத்தே இன்னார் என்று சொல்ல முடிந்தது. லாரன்ஸைப் பற்றியும் ஒன்று பிடிபட்டது. வளவளவென்று பேசுவான், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பட்டனை விட்டு மூச்சு வாங்குவான். அந்த இடைவெளியில் அவசரக்காரன் நுழைந்துவிடலாம். நுழைந்தால் லாரன்ஸ் உடனே அடங்கிவிடுவான்.

"இவன் அடைக்கிற ஆளு இல்லையே" என்று சந்தியாகு தனக்குள் சொல்லிக்கொண்டார். சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை. வேறு யார் என்று அறுபது குரல்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அன்று வீட்டுக்குப் போயும் அதே யோசனைதான். கஸ்பார் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்னண்ணே, டீச்சர் இன்னும் பாஸ் போடலையா?" என்று கேலி செய்தான்.

எட்டாம் நாள் காலை காற்று திடீரென்று திரும்பியது. ஒவ்வொரு வள்ளமாக ஒதுங்கத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு அல்போன்ஸைக் காணவில்லை என்று தெரிந்தது. அறுபத்தைந்து வயதிலும் ஒற்றை ஆளாகக் கடலுக்குப் போகிறவர். அவர் மகன் வலேரியன் வேறொரு வள்ளத்தில் இருந்தான். அவன்தான் செட்டில் கூப்பிட ஆரம்பித்தான்.

"அப்பா. அப்பா, கேக்குதா? எங்க இருக்கீங்க? அப்பா, பதில் சொல்லுங்க. அப்பா."

மற்ற வள்ளங்கள் எல்லாம் அடங்கிவிட்டன. யாரும் எண்ணக்கூட இல்லை. அவனுக்காகச் சேனலை முழுதாக விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

வலேரியன் பட்டனை விட்டான். அரை மூச்சுக்கூட ஆகவில்லை, திரும்ப அமுக்கினான். "அப்பா, எங்க இருக்கீங்க?" விட்டான். அமுக்கினான்.

சந்தியாகு நாற்காலியின் நுனிக்கு வந்தார். அந்த அரை மூச்சில் ஏதோ இருந்தது. ஒரு சின்னச் சொடுக்கு. அடுத்த முறை விட்டபோது சொடுக்கோடு நூல்போல ஒரு குரல், ஓர் எழுத்து, அதோடு அறுந்தது. அதன் மேல் வலேரியன் ஏறிவிட்டான்.

"டீச்சர், யாரோ கூப்பிடுதாங்க."

"ஆமா."

"அல்போன்ஸு மாமாதான் அது. கை செட்டு. சார்ஜு போய்க்கிட்டு இருக்கு. இவன நிறுத்தச் சொல்லுங்க."

"இப்ப அமுக்கியிருக்கான். நான் சொன்னா அவனுக்குக் கேக்காது."

"அப்பா, அப்பா" என்று வலேரியன் அழுதுகொண்டே கூப்பிட்டான். பெற்றவரைத் தேடும் அந்தக் குரலைக் கேட்டுச் சந்தியாகுவுக்குப் பரிதாபமாக இருந்தது. அதே நேரம், அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக் கடலில் எறிய வேண்டும் என்றும் இருந்தது.

ரெஜினாள் மைக்கை அவர் கையில் வைத்தாள்.

"எட்டு நாளா கேட்டிருக்கீங்க. அவன் எங்க மூச்சு விடுவான்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லலாம், அவ்வளவுதான். சொல்லிட்டுக் கைய எடுத்திரணும்."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் விரல் பட்டன்மேல் இருந்தது. வலேரியன் இழுத்து அழுதான், விட்டான்.

"கேளுல" என்றார் சந்தியாகு. விரலை எடுத்துவிட்டார்.

சேனல் வெறுமையாயிற்று. வலேரியன் அமுக்கவில்லை. அறுபது வள்ளங்களும் அமுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ரெஜினாளின் விரல் மேசையில் மெதுவாகத் தட்டியது.

ஏழாவது தட்டில் அந்த நூல் குரல் வந்தது.

"வலேரி... விளக்குப் பாறைக்கு வடக்க... தண்ணி ஏறுது... எறைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான் வந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது. விளக்குப் பாறைக்குப் பக்கத்தில் லாரன்ஸ் இருந்தான். அரை மணி நேரத்தில் அவன் குரல் கேட்டது. "பெரியவர ஏத்தியாச்சு. நல்லாருக்காரு. பசிக்குங்காரு. எங்கிட்ட அஞ்சு இட்லி இருக்கு." இந்த முறை அந்த இட்லிக் கணக்கைக் கேட்டு எந்த வள்ளத்திலும் முணுமுணுப்பு இல்லை.

"நானும் அங்க வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வலேரியன் பட்டனை விட்டான். 

சந்தியாகு மைக்கை மேசையில் வைத்தார். சட்டை முழுக்க வேர்வை.

"அந்தப் பயலத் திட்டவும் முடியாது டீச்சர். அப்பனக் காணலைன்னா எவனுக்குத்தான் கை நிக்கும்? விட்டுட்டுச் சும்மா இருக்க முடியுமா? மறுபடி மறுபடி கூப்பிடத்தான..."

அதோடு நிறுத்திவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. போன ஆடியில் ஒரு காலையில், தன் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் காலை ஊன்றி நின்றுகொண்டு, கஸ்பாரு, எங்கல இருக்க, கஸ்பாரு, பதில் சொல்லுல என்று இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்திய ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரு தடவைகூட மூன்று எண்ணும் நேரத்துக்குப் பட்டனை விட்டதாக அவருக்கு நினைவில்லை.

"அன்னைக்கு அது லாரன்ஸு இல்ல" என்றார்.

"இல்ல."

"தம்பிக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில வச்சே சொன்னான். 'அண்ணன் குரலு கேட்டுக்கிட்டே இருந்துச்சு டீச்சர். அதக் கேட்டுத்தான் உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அண்ணன்கிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க'ன்னான். நான் சொல்லல."

சந்தியாகு அழுதார். மறைக்க முயலவில்லை. ரெஜினாள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். செட்டில் யாரோ காற்று எப்படி என்று கேட்டார்கள், வேறு யாரோ பதில் சொன்னார்கள்.

அவர் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"நீங்க இங்க மேல இருந்தீங்களே, டீச்சர். பெரிய செட்டு. எல்லாம் கேக்கும். இன்னைக்கு அவன நிறுத்தின மாதிரி, நான் மூச்சு விட்ட இடத்துல ஒரு வார்த்தை சொல்லி என்னைய நிறுத்தியிருக்கக் கூடாதா?"

ரெஜினாள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீங்க மூச்சு விட்ட இடத்துலல்லாம் நான்தான் அண்ணே கஸ்பாரக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."